கரண்டியைக் கண்டால் வாயை மூடும் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு

மிக்ஸியில் அரைத்த எதையும் என் மகள் வாயில் வாங்கமாட்டாள். அரிசிக் கஞ்சி, ஆப்பிள் மசியல், கேப்பைக் கூழ், கடையில் வாங்கிய டப்பா மாவு என்று எதைக் கரைத்தாலும் உதட்டை இறுக்கி மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அதே பிள்ளை என் மடியில் உட்கார்ந்துகொண்டு என் தட்டில் கிடக்கும் காயை எட்டி எடுத்து, வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டின் மேல் அவளுக்குக் கோபமில்லை. கரண்டியும் கூழும்தான் ஆகாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி இருக்கிறது, சாயங்காலம் பழம் இருக்கிறது. மதியம்தான் திண்டாட்டம். நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. மதியம் பிள்ளையோடு இருப்பது என் மாமியார். அதனால் இங்கே சொல்வதெல்லாம், அறுபதைக் கடந்த ஒருவர் வீட்டில் தனியாக இருந்தாலும் பதறாமல் கொடுக்கக்கூடிய சாப்பாடு. பிள்ளைக்கென்று தனிச் சமையல் கிடையாது. திருநெல்வேலி வீட்டில் மதியம் அடுப்பில் என்ன கொதிக்கிறதோ, அதில் உப்பும் காரமும் விழுவதற்கு முன்னால் ஒரு பங்கை எடுத்துவைப்பது, அதைப் பிள்ளையின் கைக்கும் ஈறுக்கும் ஏற்றபடி நறுக்குவது, வேகவைப்பது. முறை இவ்வளவுதான். ஆனால் நறுக்குவதிலும் வேகவைப்பதிலும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்.

தொடங்கும் முன்

6 மாதம் முடிந்திருக்க வேண்டும். இடுப்புக்கு லேசாக அணைவு கொடுத்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். தலை ஆடக்கூடாது. எதையாவது நீட்டினால் தானே பிடித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் போயிருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து வந்தால்தான் தொடங்கலாம். மாதக் கணக்கு மட்டும் போதாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, பால் குடிக்கும்போதே அடிக்கடி புரையேறும் பிள்ளை, எடை ஏறாத பிள்ளை என்றால் முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

"ஏட்டி, பல்லே முளைக்கல. காயத் தூக்கிக் கையில குடுக்கியே, தொண்டையில மாட்டிக்காதா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. முன்பல் கடித்துத் துண்டாக்கத்தான் உதவும். அரைப்பது கடைவாய்ப்பல், அது பெரும்பாலும் ஒரு வயது தாண்டித்தான் வரும். அதுவரை நாலு பல் முளைத்த பிள்ளையும் ஒரு பல்கூட இல்லாத பிள்ளையும் ஈறால்தான் நசுக்குகின்றன. அந்த ஈறு லேசுப்பட்டதல்ல என்பது பால் கொடுக்கும்போது கடிபட்ட எந்தத் தாய்க்கும் தெரியும்.

பதம் பார்ப்பது எப்படி? வெந்த துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சிரமமில்லாமல் நசுங்கினால் சரி. இழுத்தாலோ வழுக்கினாலோ மறுபடி வேகட்டும். இதைவிட நல்ல சோதனை ஒன்றை அத்தை கண்டுபிடித்தார். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டு, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்ப்பார். அவர் வாயில் கரைந்தால் பேத்தி வாயிலும் கரையும். எங்கள் வீட்டில் பீன்ஸ் இந்தத் தேர்வில் பலமுறை தோற்றிருக்கிறது. கேரட்டும் மஞ்சள் பூசணியும் எப்போதும் தேறிவிடும்.

அளவு வயதைப் பொறுத்தது. 6, 7 மாதத்தில் பிள்ளை உள்ளங்கையால்தான் எதையும் பற்றும். முஷ்டிக்குள் போனதை எப்படி வெளியே எடுப்பதென்று அதற்குத் தெரியாது. அதனால் துண்டு நம் சுண்டுவிரல் நீளத்துக்கு இருக்க வேண்டும். பாதி முஷ்டிக்குள், பாதி வெளியே. 9 மாதத்தை ஒட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் எறும்பைப் பொறுக்கத் தொடங்கும். அன்றிலிருந்து பட்டாணி அளவுச் சிறு துண்டுகள் கொடுக்கலாம். எந்த வயதிலும் கூடாதது வட்டம். கேரட்டைக் காசு காசாக நறுக்கினால் அது பிள்ளையின் மூச்சுக்குழாயை மூடி போட்டதுபோல் அடைத்துவிடும். நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள்.

உட்காரும் இடத்துக்கு உயர நாற்காலி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் பிள்ளையை முன்பக்கம் பார்த்தபடி வைத்துக்கொள்வார். பிள்ளையின் முதுகு அவர் வயிற்றில் சாய்ந்திருக்கும். எதிரே ஒரு மணை, அதன்மேல் தட்டு. முக்கியமானது நிமிர்ந்த முதுகு. தொட்டிலில் படுத்தபடி, வாக்கரில் உருண்டபடி, தவழ்ந்தபடி, அழுதபடி சாப்பாடு கிடையாது. டிவியும் செல்போனும் அந்த அரைமணி நேரம் அணைந்திருக்கட்டும். பிள்ளைக்காக மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவருக்காகவும்தான்.

ஓங்கரிப்பும் அடைப்பும் வேறு வேறு

வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும்கூட, முதல் துண்டைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளை ஓங்கரிக்கும். கண் கலங்கும், முகம் சிவக்கும், 'உவ்வே' என்று சத்தம் வரும், துண்டு முன்னால் வந்து விழும். பிறகு அது பாட்டுக்குச் சிரிக்கும். பெரியவர்களுக்கு ஓங்கரிப்பு நாக்கின் பின்கோடியில் தொட்டால்தான் வரும். கைக்குழந்தைக்கு அந்த இடம் நாக்கின் முன்பக்கமாக இருக்கிறது. உணவு உள்ளே போய்ச் சிக்காமல் காக்கும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் நாம் கத்தினாலோ, விரலை விட்டுத் துழாவினாலோதான் ஆபத்து. முன்னால் இருக்கும் துண்டை நாமே உள்ளே தள்ளிவிடுவோம்.

அடைப்பு என்பது சத்தமில்லாதது. இருமவும் முடியாது, அழவும் முடியாது, உதடு நீலம் பாயும். உடனே பிள்ளையை முன்கையின் மேல் குப்புறக் கிடத்துங்கள். தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். தாடையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் 5 அழுத்தம். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை துவண்டுவிட்டால் செய்ய வேண்டிய முதலுதவி வேறு; அதைப் படித்துப் பழக முடியாது. தடுப்பூசிக்குப் போகும் நாளில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டு, ஒரு பொம்மையை வைத்துச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையும் கற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்குப் பயம் குறைந்தது.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 206 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அடைப்பு பற்றிய முடிவு 2016-இல் வந்தது. பாதுகாப்பாகக் கொடுக்கும் முறையைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்து, தானே எடுத்துத் தின்னவிட்ட பிள்ளைகளுக்கு, வழக்கம்போல வளர்ந்த பிள்ளைகளைவிட அடைப்பு கூடுதலாக வரவில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் பல வீடுகளில் அடைக்கக்கூடிய பண்டங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. கையில் கொடுப்பதா, கரண்டியில் ஊட்டுவதா என்ற சண்டையைவிட, கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சொதி

இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். மறுவீட்டு விருந்தில் இலையில் விழும் அதே சொதிதான். கைக்குழந்தைக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததுபோல் இருக்கும். புளி இல்லை, வத்தல் இல்லை, மசாலாப் பொடி இல்லை. காரமெல்லாம் இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதில்தான். அதையும் கடைசியில்தான் சேர்க்கிறோம்.

அரை மூடித் தேங்காய் அல்ல, ஒரு முழுத் தேங்காய் துருவுங்கள், வீட்டுக்கே சேர்த்துத்தானே. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியாக எடுத்துவையுங்கள். ஒரு சின்னக் கை பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூன்றையும் விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பிள்ளையின் பங்குக்கு மட்டும் ஒரு கீற்று மஞ்சள் பூசணி. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்களைப் போட்டு, மூடி வைத்துச் சிறுதீயில் வேகவிடுங்கள். நமக்குப் பதம் வந்ததும் நிறுத்தக்கூடாது. அதற்கு மேலும் நாலைந்து நிமிடம். நமக்குக் கொஞ்சம் குழைந்த சொதி கிடைக்கும், பரவாயில்லை. வெந்த பருப்பைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும், பிள்ளைக்கு வேண்டிய காய்களையும் இரண்டு கரண்டிச் சாற்றையும் எடுத்துவிடுங்கள். சாற்றில் ஒரு ஸ்பூன் முதல் பால் கலந்தால் போதும். அதன் பிறகு உங்கள் சட்டியில் இஞ்சி மிளகாய் விழுது, உப்பு, முதல் பால், தாளிப்பு. இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு.

முருங்கைக்காய் இல்லாமல் சொதியா என்பார்கள். போடுங்கள், ஆனால் துண்டைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அது சப்பச் சப்ப நார் பிரிந்து தொண்டைக்குப் போகும். உள்ளிருக்கும் சதையை ஸ்பூனால் வழித்து, விதையை நீக்கிச் சோற்றில் பிசைந்துவிடலாம்.

தட்டில் இரண்டு கேரட், ஒரு பூசணி, ஒரு உருளை. ஒரே நேரத்தில் பத்துத் துண்டு வைத்தால் பிள்ளை விளையாட ஆரம்பித்துவிடும். கூடவே அந்தச் சாற்றில் நனைத்த இட்லிக் கீற்று ஒன்று. இட்லியை அப்படியே கொடுத்தால் வாயில் மாவாகத் திரண்டு அண்ணத்தில் அப்பிக்கொள்ளும், நனைத்தால் இறங்கும். மாவில் உப்பு இருக்கிறதே என்றால், அரைத்த கையோடு ஒரு கிண்ணம் மாவை உப்பில்லாமல் தனியே எடுத்துவையுங்கள். அதுவும் புளிக்கத்தான் செய்யும். இடியாப்பம் சொதிக்குப் பொருத்தமானது. ஆனால் நீளமான இழை வேண்டாம். கத்தரியால் வெட்டி, சாற்றில் ஊறவைத்து, கொத்தாகக் கையில் கொடுங்கள்.

சொதி எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு சமாச்சாரம். தேங்காய்ப்பால் சேர்த்ததைக் காலையில் செய்து மதியம்வரை வெளியே வைத்தால், நெல்லை வெயிலில் நொந்துபோகும்.

உளுந்தஞ்சோறு

வார நாளில் கைகொடுப்பது இது. வயசுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆக்கிப் போடுவார்கள். பிள்ளைக்குக் கொடுப்பதை அத்தைகூட எதிர்க்கவில்லை. தொலி உளுந்து அரை டம்ளர், அரிசி ஒரு டம்ளர். வெள்ளை உளுந்து வேண்டாம், தோலோடு உடைத்த கருப்பு உளுந்துதான். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு கை தேங்காய்த் துருவல், 5 டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் 5 விசில். உப்பு போடாமல் வேகவைத்துப் பிள்ளைக்கு எடுத்துவைத்த பிறகு, மீதியில் உப்புக் கலந்து கிளறிக்கொள்ளலாம்.

ஆறியதும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, கையை நனைத்துக்கொண்டு உருட்டுங்கள். வயதுக்குத் தக்கபடி நீட்ட உருண்டையோ, 9 மாதத்துக்கு மேல் சின்னச் சின்னக் கிள்ளலோ. இறுக்கி உருட்டக்கூடாது. லட்டு மாதிரிப் பிடித்தால் வாயில் உடையாது. தொட்டால் விரல் பதிகிற அளவுக்குத் தளர்வாக, கைப்பிடிக்கு மட்டும் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். பூண்டுப் பல் குழைந்திருந்தாலும் விரலால் நசுக்கிவிடுங்கள்.

இதற்கு ஜோடி எள்ளுத் துவையல். எள் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமல் போகலாம் என்பதால் நாக்கில் படும் அளவில் தொடங்குங்கள். பிள்ளைக்கென்று மிளகாய் இல்லாமல் அரைத்தால் நல்லது. ஒவ்வாமைக்குப் பயந்து முட்டை, கடலை, மீன், எள் எல்லாவற்றையும் ஒரு வயதுவரை தள்ளிவைப்பது பழைய வழக்கம். இப்போது மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், நிலக்கடலையை முதல் வயதிலேயே தின்னத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. கடலையை முழுசாகக் கொடுப்பதல்ல. நைசாக அரைத்து, தண்ணியாகக் கரைத்து, இட்லிக் கீற்றில் மெல்லிசாகத் தடவுவது. ஒரு நேரத்தில் ஒரு புதுப் பண்டம், பகல் வேளையில். தோல் முழுக்கக் கரப்பான் படர்ந்த பிள்ளை, ஏற்கெனவே ஏதாவது ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் மருத்துவர் சொன்ன பிறகு.

மற்ற நாட்கள்

சாம்பார் வைக்கும் நாளில் வேலை குறைவு. பருப்போடு வெந்த கேரட்டையும் பூசணியையும் புளி ஊற்றும் முன் எடுத்துவிட வேண்டியது. அந்தப் பருப்பிலேயே நாலு ஸ்பூன் எடுத்து, குழைந்த சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து உருட்டலாம். கத்திரிக்காய் தோல் வாயில் ஒட்டும், உரித்துவிட்டுச் சதையைக் கொடுங்கள். வெண்டைக்காயை என் மகள் துப்பிவிடுவாள். உங்கள் பிள்ளைக்குப் பிடிக்கலாம். அவியலும் அப்படித்தான்: காய் எல்லாம் ஏற்கெனவே நீளநீளமாகத்தான் இருக்கும், மிளகாய் அரைத்துவிடும் முன் எடுத்தால் போதும். சேனைக்கிழங்கு மட்டும் வேண்டாம், வாய் அரிக்கும்.

கூட்டாஞ்சோறு ஆக்கினால் பிள்ளையின் பங்கை உப்பு, புளி, மிளகாய் இல்லாமல் சின்னக் கிண்ணத்தில் வைத்து, அதே குக்கருக்குள் இறக்கிவிடுகிறேன். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் உண்டு. கீரையை முழு இலையாகக் கொடுக்காதீர்கள், அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிள்ளையைப் பாடாய்ப்படுத்தும்.

கேப்பை அடை: கேப்பை மாவு, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, வெந்நீர். தளர்வாகப் பிசைந்து, கல்லில் தடிமனாகத் தட்டி, நெய் விட்டு மூடி வைத்து வேகவைக்க வேண்டும். முறுகவிடக்கூடாது. விரல் அகலத்துக்குக் கீறினால் கைக்கு அடக்கமாக இருக்கும். இதையே புட்டாக அவித்தால் உதிரி உதிரியாக வாயில் காய்ந்து புரையேறும். புட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும். மெல்லிசாக ஆம்லெட் போட்டுக் கீற்றாக நறுக்குவதுதான் வசதி. அவித்த முட்டையின் மஞ்சள் கரு உலர்ந்து தொண்டையைப் பிடிக்கும். கொஞ்சம் தயிரோ நெய்யோ விட்டுக் குழைத்து, இட்லிக் கீற்றில் தடவுங்கள்.

மீனுக்கு எங்கள் பக்கம் கிழங்கான்தான். சதை மெத்தென்று இருக்கும், முள்ளைச் சுலபமாக உருவிவிடலாம். மஞ்சள் மட்டும் போட்டு இட்லிச் சட்டியில் அவித்து, ஒவ்வொரு செதிலையும் விரலால் தடவிப் பார்த்து, பிறகு கொடுக்க வேண்டும். இந்த வேலையை அத்தை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. சாளை சத்தானது, ஆனால் அதன் முள்ளோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமையில்லை. பெரிய சுறா போன்ற மீன்களில் பாதரசம் கூடுதல் என்பதால் பிள்ளைக்கு வேண்டாம். கோழிக்கறி நாராகப் பிரியும். கொத்தி, சோற்று உருண்டைக்குள் சேர்ப்பது மேல். ஈரல் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிகுதி.

ஒன்றுமே ஓடாத நாளில் ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம். பழுத்ததைத் தோலோடு இட்லிச் சட்டியில் அவித்து, நீளவாக்கில் கீறி, நடுவிலுள்ள கருப்பு விதை நரம்பை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். வழுக்கினால் மேலே கொஞ்சம் கேப்பை மாவை வறுத்துத் தூவுங்கள், பிடி கிடைக்கும். சீனிக்கிழங்கும் (சர்க்கரைவள்ளி) இதே மாதிரி, நாரைப் பார்த்து உருவிவிட்டு.

இவை கூடாது

பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள், தேங்காய்ச் சில்லு, முழுக் கடலை, முந்திரி, பொரி, முறுக்கு, அப்பளம், பனங்கிழங்கு. பல் முளைக்கும்போது ஈறு ஊறுகிறது என்று முறுக்கை நீட்டும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அது கரையாது, சில்லாக உடையும். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறாமல் கொடுக்கக்கூடாது. சுண்டலை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தட்டையாக நசுக்க வேண்டும்; பச்சைப்பட்டாணியும் அப்படியே. கோடையில் நுங்கு வரும்போது கவனம்: வழுவழுப்பான சுளை நேராகத் தொண்டைக்கு வழுக்கும். தோலுரித்து மசித்துவிடுங்கள்.

தேன் ஒரு வயதுவரை ஒரு துளிகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும் சேர்த்துத்தான். அதிலிருக்கக்கூடிய கிருமி வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும்; காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகே, தயிர் கொடுக்கலாம். உப்பு முதல் வயதில் நாளைக்கு 1 கிராமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை. நாம் சேர்க்காவிட்டாலும் பாலிலும் காயிலும் தேவையான உப்பு வந்துவிடுகிறது. இனிப்பு இரண்டு வயதுவரை வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டியானாலும் இனிப்பு இனிப்புதான்.

எவ்வளவு உள்ளே போகும்?

முதல் சில வாரம் ரொம்பக் குறைவு. சப்பும், துப்பும், தலையில் தேய்த்துக்கொள்ளும். அப்போதெல்லாம் பசியை ஆற்றுவது பால்தான். தாய்ப்பாலையோ ஃபார்முலாவையோ குறைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் பால் கொடுத்துவிட்டால், அகோரப் பசியும் இல்லாமல், வயிறும் நிரம்பாமல் பிள்ளை உட்காரும். உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 8 மாதம்வரை நாளைக்கு 2, 3 வேளையும், 9 முதல் 11 மாதம்வரை 3, 4 வேளையும் இணை உணவு கொடுக்கச் சொல்கிறது.

கவலைப்பட வேண்டியது வயிறு நிரம்புவதைப் பற்றியல்ல, இரும்புச்சத்தைப் பற்றி. பிறக்கும்போது கொண்டுவந்த கையிருப்பு 6 மாதத்தை ஒட்டிக் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு சொற்பம். சத்துமாவுக் கஞ்சியையும் தொடாத பிள்ளைக்கு இது உண்மையான சிக்கல். அதனால் ஒவ்வொரு மதியமும் தட்டில் உளுந்து, பாசிப்பருப்பு, கீரை, கேப்பை, முட்டை, மீன், கறி இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். பருப்பு, கீரை நாளில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடம்பில் சேர உதவும். 6 மாதம் முதல் 5 வயதுவரை வாரம் இருமுறை இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது; சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கேளுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வீணாக்க வேண்டாம். கூழாகக் குடிக்காத பிள்ளை, அதையே கேப்பை மாவோடு கலந்து அடையாகத் தட்டினால் தின்னும். அந்த மாவில் இனிப்பு இருக்கிறது என்பதால் கொஞ்சமாகத்தான் கலக்கிறேன்.

கஞ்சியை ஒரேயடியாகக் கைவிட வேண்டியதில்லை. குழைந்த பருப்புச் சோற்றை ஒரு சின்ன ஸ்பூனில் எடுத்து, ஊட்டாமல், ஸ்பூனையே பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள். நாம் நீட்டினால் வாயை மூடும் பிள்ளை, தானே எடுத்தால் வாயைத் திறக்கும். தலையைத் திருப்பினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். வாயைப் பிளந்து திணிப்பது, நிலாவைக் காட்டி ஏமாற்றித் திணிப்பது இரண்டும் வேண்டாம். திணிக்கத் திணிக்கத்தான் கரண்டியின் மேல் பகை வளர்கிறது. வாரக்கணக்கில் எதையுமே வாயருகில் கொண்டுபோகாமல் இருந்தாலோ, எதைத் தொட்டாலும் வாந்தி எடுத்தாலோ, எடை இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக்கூடாது.

12 மணி ஏற்பாடு

நான் 8 மணிக்குக் கிளம்புகிறேன். அப்போது ஆக்கிய சோறு மதியம் பிள்ளைக்கு ஆகாது. வெளியே கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும், பிறகு சூடுபடுத்தினாலும் அதன் நஞ்சு போகாது. அதனால் ராத்திரியே காயை நறுக்கி, மூடியிட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். அரிசியும் பருப்பும் அளந்து கிண்ணத்தில் இருக்கும். அத்தை 11 மணிக்குத் தனக்கு உலை வைக்கும்போது, இட்லிச் சட்டியில் காயை ஏற்றினால் போதும். கேரட்டுக்கு 20 நிமிடம், பூசணிக்கு 10. பிறகு பல்செட் சோதனை. உருண்டை மிஞ்சினால் நாங்கள் தின்றுவிடுவோம். பிள்ளை எச்சில் பட்டதை எடுத்துவைத்து மறுபடி கொடுப்பதில்லை.

தரையில் விரிக்க பழைய பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயை எடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்குச் சட்டை வேண்டாம், வெறும் உடம்பு போதும். நெல்லை வெயிலுக்கு அதுதான் சுகமும்கூட. அப்படியும் துணியில் மஞ்சள் கறை பட்டால், சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயிலுக்கு மஞ்சள் வெளுத்துவிடும். மஞ்சள் பூசணிக் கறையும் கேரட் கறையும் கொஞ்சம் அடம்பிடிக்கும். காயும் முன்பே அலசிவிட வேண்டும்.